எண்பத்தாறாம் பக்கத்தின் வாசகர்

மெத்தைக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், பத்தொன்பது பேர் வேலை செய்யும் ஒரு மென்பொருள் நிறுவனம் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது. வாரத்தில் மூன்று நாள் படிக்கட்டில் மெத்தை நிற்கும். ஏறுகிறவர்கள் வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில்தான் போக வேண்டும். போன வருடம் வாடிக்கையாளர் ஒருவர் மெத்தைக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். மேலே வந்து சேர்ந்ததும் முதல் வேலையாகத் தண்ணீர் கேட்டார்.

இந்த நிறுவனம் செய்து விற்பது ஒரே ஒரு பொருள்: காத்திருப்பு அறைகளில் எண் கூப்பிடும் மென்பொருள். வங்கி, தபால் நிலையம், பல் மருத்துவமனை என்று எங்கெல்லாம் மனிதர்கள் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களோ, அங்கெல்லாம் "எண் நாற்பத்திரண்டு, அறை மூன்று" என்று சுவரிலிருந்து வரும் பெண்குரல் இவர்களுடையது.

பத்தொன்பது பேரில் ஒருவரை எல்லோரும் நன்றி அக்கா என்று கூப்பிடுகிறார்கள். வயது நாற்பத்தாறு. மென்பொருளோடு சேர்த்துக் கொடுக்கும் உதவிப் புத்தகத்தை எழுதுவது அவர் வேலை. எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும், குரல் வரவில்லை என்றால் எந்தக் கம்பியைப் பார்க்க வேண்டும் என்று எண்பத்தைந்து பக்கம் போகும். எண்பத்தாறாம் பக்கம்தான் கடைசி. அதன் தலைப்பு 'நன்றி'. அக்காவுக்குப் பெயர் வந்தது அங்கிருந்துதான்.

எந்த மென்பொருளும் முழுக்கச் சொந்தச் சரக்கு அல்ல. தேதியைக் காட்ட ஒன்று, படத்தை விரிக்க ஒன்று, சீட்டை அச்சடிக்க ஒன்று என்று, உலகத்தில் யாரோ எழுதி இலவசமாக வைத்திருக்கும் சின்னச் சின்ன நிரல்களை எடுத்துத்தான் எல்லோரும் வீடு கட்டுகிறார்கள். இவற்றுக்கு லைப்ரரி என்று பெயர். இலவசம் என்றாலும் சும்மா இல்லை. ஒவ்வொன்றோடும் ஒரு உரிமத் தாள் வரும், அதில் நிபந்தனைகள் இருக்கும். அந்தத் தாள்களை முழுவதும் படிக்கிற ஒரே ஆள் என்பதால் அந்த வேலையும் அக்கா தலையில் விழுந்தது. எழுதியவர்களின் பெயர்களையும் நிபந்தனைகளையும் அவர் எண்பத்தாறாம் பக்கத்தில் பொடி எழுத்தில் போடுவார்.

பொடி எழுத்து அவருக்குப் புதிதல்ல. இதற்கு முன் பத்து வருடம் ஒரு மருந்து கம்பெனியில் இருந்தார். மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் தாள் இருக்கிறதே, அதைச் சரிபார்ப்பதுதான் அங்கே வேலை. வாங்குகிற நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேர் அதைப் பிரிக்காமலே குப்பையில் போடுவார்கள். மிச்சம் ஒருவர் பிரித்துவிட்டு, திரும்ப மடிக்கத் தெரியாமல் குப்பையில் போடுவார். ஆனாலும் அந்தத் தாளில் ஒரு எண் மாறிப்போனால் என்ன ஆகும் என்று அக்காவுக்குத் தெரியும். படிக்க ஆள் இல்லாத எழுத்தும் உண்மையாக இருக்க வேண்டும் என்ற பழக்கம் அங்கே படிந்து, இங்கேயும் கூடவே வந்துவிட்டது.

உரிமங்களை அவர் மூன்று வகையாகப் பிரித்து வைத்திருந்தார். முதல் வகை சாது: எடுத்துக்கொள், என் பெயரை மட்டும் சொல். இரண்டாவது கறார்: என்னோடு கலந்து விற்றால் உன் நிரல் முழுவதையும் நீயும் திறந்து காட்ட வேண்டும். இந்த வகை மெத்தைக் கடைப் படியைத் தாண்டி மேலே வரவே கூடாது என்பது முதலாளியின் உத்தரவு. அவர் விற்பது பூட்டி வைத்த நிரல். மூன்றாவது இரண்டுக்கும் நடுவில் நிற்பது: உன் நிரலை நீ பூட்டி வைத்துக்கொள், ஆட்சேபணை இல்லை. ஆனால் உன்னிடம் வாங்குகிறவர் விரும்பினால், என்னை மட்டும் கழற்றிவிட்டு, தன் தேவைக்குத் திருத்திய என்னை மாட்டிக்கொள்ள வழி வை.

இந்த மூன்றாவது வகையில் ஒன்றே ஒன்று இவர்கள் மென்பொருளில் இருந்தது. குரலின் வேகத்தையும் சுருதியையும் மாற்றும் லைப்ரரி அது. ஒருவரை ஒருவர் நேரில் பார்க்காத நாற்பது பேர், ஓய்வு நேரத்தில், பல வருடமாக எழுதிச் சேர்த்தது. எண்பத்தாறாம் பக்கத்தில் அதற்கு அக்கா மூன்று வரி கொடுத்திருந்தார்: இந்த லைப்ரரி தனிக் கோப்பாக இருக்கிறது, கோப்பின் பெயர் இது, விரும்புகிறவர்கள் இதைத் திருத்தி மாற்றி மாட்டிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு பதிப்பும் வெளியே போகும் முன் அக்கா அதைத் தன் கணினியில் நிறுவுவார். கோப்புறையைத் திறப்பார். திரையில் விரலை வைத்து ஒன்று, இரண்டு என்று கோப்புகளை எண்ணுவார். பதினான்கு வரவேண்டும். வந்தால் வெளியீட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போடுவார். அவர் திரையில் மட்டும் எப்போதும் பதினான்கு விரல் ரேகை இருக்கும் என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள். பதினொரு வருடத்தில் ஒரு பதிப்புக்குக்கூட அவர் எண்ணாமல் கையெழுத்துப் போட்டதில்லை. ஒன்றே ஒன்றைத் தவிர.

அந்த ஒன்றின் கதை ஒரு மதியக் கூட்டத்தில் ஆரம்பித்தது. எல்லோரும் எழுதிய துண்டுகளை ஒன்றாகச் சேர்த்து, விற்கக்கூடிய ஒரே நிரலாக்கித் தருகிறவருக்குப் பசை என்று பட்டப்பெயர். முப்பத்திரண்டு வயது, கையில் எப்போதும் பாதி கடித்த பிஸ்கட். கொஞ்ச நாளாக வாடிக்கையாளர்களின் வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் அந்தக் குரல் கோப்பைச் சந்தேகப்பட்டு அழித்துக்கொண்டிருந்தன. கோப்பு போனால் குரல் போய்விடும். தினமும் எட்டுப் பத்து போன் வரும், அத்தனையும் கோபமான போன். பசை ஒரு முடிவு கட்டினார். தனியாக இருந்தால்தானே அழிக்கும் என்று, குரல் லைப்ரரியை முக்கிய நிரலுக்குள்ளேயே வைத்து ஒட்டிவிட்டார். இனி அந்தக் கோப்பே இல்லை, அழிக்க எதுவும் இல்லை, போனும் வராது என்று கூட்டத்தில் அறிவித்தார். மற்ற பதினெட்டுப் பேரும் கைதட்டினார்கள்.

அக்காவும் தட்டினார். உதவிப் புத்தகத்தில் 'கோப்பு காணாமல் போனால் செய்ய வேண்டியவை' என்று மூன்று பக்கம் இருந்தது. படிக்கிறவர்களுக்கும் புரியாமல், எழுதியவருக்கும் பிடிக்காமல் கிடந்த மூன்று பக்கங்கள். அவற்றைக் கிழித்துப் போடலாம் என்ற சந்தோஷத்தில், ஒரு முழு நாள் அதிலேயே மூழ்கினார். பக்க எண் மாறாமல் இருக்க, காலியான இடத்தில் பெரிதாகப் படங்களைப் போட்டு நிரப்பினார். அன்று மாலை படிவம் வந்தது. கையெழுத்துப் போட்டார். கோப்புறையைத் திறக்கவில்லை. எண்பத்தாறாம் பக்கத்தின் மூன்று வரி அப்படியே இருந்தது. அந்த வரிகள் சொன்ன கோப்புதான் இல்லை.

நான்கு மாதம் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை, பொது மின்னஞ்சலுக்கு வந்த ஒரு கடிதத்தை வரவேற்பறைப் பெண் அக்காவுக்கு அனுப்பிவைத்தார்.

"வணக்கம். நான் ஒரு காது மருத்துவமனையில் எலக்ட்ரீஷியன். உங்கள் உதவிப் புத்தகம் எண்பத்தாறாம் பக்கத்தில், குரல் லைப்ரரி தனிக் கோப்பாக இருக்கிறது, விரும்புகிறவர்கள் திருத்தி மாட்டிக்கொள்ளலாம் என்று போட்டிருக்கிறது. நான் விரும்பினேன். இரண்டு வருடம் முன்பு திருத்தி மாட்டினேன். நன்றாக ஓடியது. போன வாரம் புதிய பதிப்பு போட்டோம். அந்தக் கோப்பைக் காணோம். என் கோப்பை அதே இடத்தில் வைத்தாலும் நிரல் திரும்பிப் பார்ப்பதில்லை. எங்கே போனது என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும். அவசரம் இல்லை. ஆனால் இங்கே யாருக்கும் காதில் விழவில்லை."

அக்கா இரண்டு முறை படித்தார். பிறகு கோப்புறையைத் திறந்து எண்ணினார். பதின்மூன்று. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினார். பதின்மூன்றுதான்.

வேறு எந்த வாரமாக இருந்தாலும் இது ஒரு தவறு, திருத்தலாம் என்று போயிருக்கும். அந்த வாரம் வியாழக்கிழமை ஒரு பெரிய ஒப்பந்தம் இருந்தது. முப்பத்தொரு மருத்துவமனைகள் வைத்திருக்கும் ஒரு குழுமம் இவர்கள் மென்பொருளை வாங்கப் போகிறது. வருடத் தொடக்கத்தில் இரண்டு பெரிய வாடிக்கையாளர்கள் கழன்றுகொண்டதிலிருந்து முதலாளி இந்த ஒன்றை நம்பித்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். இதுவும் கை நழுவினால் பத்தொன்பது பேர் பதினான்கு பேராகிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். உதவிப் புத்தகம் எழுதுகிறவர் அந்தப் பதினான்கில் இருக்க மாட்டார் என்பது அக்காவுக்கும் தெரியும். ஒப்பந்தக் கட்டில் ஒரு தாள், பிறர் எழுதிய நிரல்கள் எல்லாம் அவற்றின் உரிமப்படிதான் பயன்படுத்தப்பட்டிருக்கின்றன என்ற உறுதிமொழி. கீழே பொறுப்பாளர் கையெழுத்துக்கு இடம். பொறுப்பாளர் அக்காதான்.

முதலாளிக்குக் கவலை வந்தால் மேஜை மேல் இருப்பதை எல்லாம் நேராக அடுக்குவார். அக்கா பசையையும் கூட்டிக்கொண்டு போய், கடிதத்தைக் கொடுத்து விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பேனாக்கள், ஸ்டேப்ளர், தண்ணீர் பாட்டில், பசையின் பிஸ்கட் உட்பட எல்லாம் வரிசையில் நின்றன. நம் நிரல் முழுவதையும் தெருவில் கொட்ட வேண்டுமா என்பதுதான் அவர் முதல் கேள்வி. வேண்டாம், அந்தக் கோப்பு மறுபடி தனியாக, மாற்றக்கூடியதாக இருந்தால் போதும் என்றார் அக்கா. இன்னொரு வழியும் இருக்கிறது என்று பசை குறுக்கிட்டார். ஒட்டியே வைத்துக்கொள்ளலாம், ஆனால் நம் நிரலின் அரைவேக்காட்டுத் துண்டுகளைக் கேட்கிறவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும், அவர்கள் தங்கள் லைப்ரரியோடு சேர்த்துத் தாங்களே ஒட்டிக்கொள்வார்கள், உரிமத்தில் அதற்கும் இடம் உண்டு. முதலாளி ஸ்டேப்ளரை இன்னும் கொஞ்சம் நேராக்கினார். வெந்ததோ வேகாததோ, தன் சமையல் வெளியே போகாது என்றார்.

அப்படியானால் தனிக் கோப்புதான். ஆனால் பழைய வியாதி திரும்பி வரும்: வைரஸ் தடுப்பு அழிக்கும், போன் அலறும், அதுவும் முப்பத்தொரு மருத்துவமனைகளிலிருந்து. இரண்டரை நாளில் இதற்கு மருந்து கண்டுபிடிக்க முடியுமா என்று பசைக்கே சந்தேகம்.

முதலாளி குரலைத் தணித்துக்கொண்டார்.

"நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. வியாழக்கிழமை கையெழுத்தைப் போட்டுடுங்க. அடுத்த வாரம் ஆற அமர சரி பண்ணிக்கலாம். நாப்பது பேரும் எங்கெங்கயோ இருக்காங்க. யாரு வந்து கோப்புறையைத் திறந்து பார்க்கப் போறா?"

"ஒருத்தர் திறந்து பார்த்துட்டாரே சார்."

"அவர் ஒரு எலக்ட்ரீஷியன்ம்மா."

"சார், போன தடவை பார்க்காம போட்டுட்டேன். அது தப்பு. இப்போ பார்த்த பிறகும் போட்டா அதுக்குப் பேர் வேற."

முதலாளி பிஸ்கட்டைப் பசையிடம் திருப்பிக் கொடுத்தார். புதன்கிழமை மாலை வரை நேரம் என்று மட்டும் சொன்னார்.

அக்காவின் கணவர் நகரப் பேருந்து ஓட்டுகிறார். எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வீட்டுக்கு வந்த தண்ணீர் வடிகட்டி விற்பனையாளரிடம் ஒரு தடவை கையெழுத்துப் போட்டு மூன்று வடிகட்டி வாங்கியவர். அன்று மாலை தட்டைக் கழுவிக்கொண்டே அக்கா நடந்ததைச் சொன்னார். தனிக் கோப்பு, ஒட்டிய கோப்பு என்று என்ன சொல்லியும் அவருக்கு ஏறவில்லை. கடைசியில் அவரே ஒரு வழி பிடித்தார்.

"அதாவது, சக்கரத்தை போல்ட் போட்டு மாட்டாம வெல்டு வெச்சுட்டான்னு சொல்லு."

"அதேதாங்க."

"வெல்டு வெச்சா ஆடாது, கழண்டு போகாது, நல்லாத்தான் ஓடும். பஞ்சர் ஆகுற வரைக்கும்." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அதுக்கு நீயும் கைதட்டினியா?"

அக்கா தட்டை வேகமாகத் தேய்த்தார்.

செவ்வாய்க்கிழமை காலை அவர் காது மருத்துவமனைக்குப் போனார். கடிதத்துக்குப் பதில் எழுதுவதைவிட நேரில் போவது மரியாதை. இன்னொரு காரணமும் இருந்தது. பொடி எழுத்தோடு குடித்தனம் நடத்திய இருபத்தொரு வருடத்தில், அதைப் படித்த ஒரு மனிதரை அவர் கண்ணால் பார்த்ததில்லை.

காத்திருப்பு அறையில் நாற்பது நாற்காலி. நாற்பதிலும் ஆள், சுவரோரம் பத்துப் பேர் நிற்கிறார்கள். பாதிப் பேருக்கு மேல் வயதானவர்கள். சுவரிலிருந்து அக்கா நிறுவனத்துக் குரல் கீச்சென்று, "எண் பதினேழு, அறை இரண்டு" என்று சொல்லிவிட்டு ஓடியது. பதினேழாம் எண் சீட்டை இறுக்கிப் பிடித்தபடி ஒரு பெரியவர் முதல் வரிசையிலேயே நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். மூன்றாவது தடவைக்குப் பிறகு நர்ஸ் வெளியே வந்தார். இரண்டு கையாலும் பத்துக் காட்டி, பிறகு ஏழு விரல் காட்டினார். பின்வரிசையில் ஏழாம் எண்காரர் எழுந்து வந்துவிட்டார். ஒரு அம்மாள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் ஸ்பீக்கருக்கு அடியிலேயே போட்டு உட்கார்ந்திருந்தார். காது கேளாதவர்கள் வரும் இடத்தில் காதை நம்பிக் கூப்பிடும் பொருளை விற்றிருக்கிறோம் என்பது அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது.

எலக்ட்ரீஷியனின் அறை மாடிப்படிக்கு அடியில் இருந்தது. ஐம்பது வயது, சட்டைப் பையில் டெஸ்டர், மேஜையில் அட்டை போட்ட உதவிப் புத்தகம். பள்ளிப் பிள்ளைகள் போடுவதுபோல் பழுப்புத் தாள் அட்டை. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முழுசாவா படிச்சீங்க?"

"ஃபேன் சுத்துற வரைக்கும் எனக்கு வேலை இல்லையேம்மா. வேற என்ன பண்றது?"

தான் செய்தது சின்ன வேலைதான் என்றார் அவர். வயதாகும்போது மெல்லிய, கீச்சுச் சத்தம்தான் முதலில் காதைவிட்டுப் போகும். தடித்த குரல் கடைசி வரை நிற்கும். டாக்டர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டுத் தெரிந்துகொண்டது. மென்பொருளின் அமைப்பில் வேகத்தைக் கொஞ்சம் மாற்றலாம், சுருதியை மாற்ற முடியாது. எண்பத்தாறாம் பக்கத்தில் வழி இருந்தது. லைப்ரரியின் நிரலை இணையத்திலிருந்து எடுத்து, சுருதி ஒன்று, வேகம் ஒன்று என்று இரண்டு எண்களை மாற்றினார். கணினிப் பயிற்சி மையத்தில் பாடம் எடுக்கும் அவர் மனைவி அதைக் கோப்பாகக் கட்டித் தந்தார். அதன் பிறகு இரண்டு வருடம் நர்ஸ் விரல் காட்டும் வேலையே இருக்கவில்லை.

கோப்பு ஏன் காணாமல் போனது என்பதை அக்கா மறைக்காமல் சொன்னார். வைரஸ் தடுப்பு அழித்ததையும், ஒட்டியதையும், தான் எண்ணாமல் விட்டதையும். எலக்ட்ரீஷியன் மற்றதை விட்டுவிட்டு வைரஸ் தடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க கோப்புல யார் செஞ்சதுன்னு முத்திரையே இல்லம்மா. மத்த பதிமூணுலயும் இருக்கு. முத்திரை இல்லாத ஆளை வாட்ச்மேன் உள்ளே விடுவாரா? என் கோப்புலயும் இல்லதான். ஆனா நான் வாட்ச்மேன்கிட்ட இது நம்ம ஆளுன்னு முன்னாடியே சொல்லி வெச்சிருந்தேன்."

தினமும் எட்டுப் பத்துப் போன்களை வாங்கிக்கொண்டிருந்த நிறுவனத்தில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. லைப்ரரி பிறர் பொருள் என்பதால் அதில் நம் முத்திரை குத்தும் பழக்கமே இல்லை. பிறர் எழுதியதானாலும், கட்டி அனுப்புவது நாம்தான் என்று முத்திரை சொல்லலாம், அதில் தவறில்லை. அக்கா அங்கிருந்தே பசைக்குப் போன் செய்தார். மறுமுனையில் பிஸ்கட் டப்பாவை மூடும் சத்தம் கேட்டது. எலக்ட்ரீஷியன் தன் கோப்பை ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார்.

புதன்கிழமை மதியமே பசை முடித்துவிட்டார். கோப்பு வெளியே வந்தது, முத்திரையும் விழுந்தது. ஐந்து வைரஸ் தடுப்புகளில் போட்டுப் பார்த்தார்கள், ஐந்தும் வாயைத் திறக்கவில்லை. அக்கா விரல் வைத்து எண்ணினார். பதினான்கு. அறை முழுக்கக் கைதட்டல்.

இந்தத் தடவை அக்கா தட்டவில்லை. பென்டிரைவை எடுத்தார். எலக்ட்ரீஷியனின் கோப்பைத் தூக்கி அந்த இடத்தில் வைத்துவிட்டு நிரலை ஓடவிட்டார். திரையில் சிவப்பாக ஒரு பெட்டி வந்தது: 'அங்கீகரிக்கப்படாத கோப்பு. நிரல் நிறுத்தப்பட்டது.'

பசைக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"பாத்தீங்களா அக்கா? நம்ம முத்திரை இல்லாம எவனும் உள்ளே வர முடியாது."

"எவன் வேணாலும் உள்ளே வரலாம்னுதானேப்பா எண்பத்தாறாம் பக்கத்துல எழுதியிருக்கேன்."

"அதான் கோப்பு தனியா இருக்கே."

"வெல்டை எடுத்துட்டு போல்ட் போட்டுட்டே. சரி. ஆனா அந்த போல்ட்டுக்கு ஸ்பானர் உன்கிட்ட மட்டும்தான் இருக்கு."

பசைக்குக் கோபம் வந்தது. காரணமில்லாத கோபம் இல்லை. யாரோ ஒரு விஷமக்காரன் தன் கோப்பை மாட்டி, மருத்துவமனையில் எண்ணுக்குப் பதிலாகக் கெட்ட வார்த்தை கேட்டால், போன் யாருக்கு வரும் என்று கேட்டார். அக்கா யோசித்தார். கணினிக்கு உரியவர் தன் கணினியில் மாற்றுவதைத் தடுக்கக் கூடாது. ஆனால் மாறியிருக்கிறது என்று சொல்வதில் குற்றமில்லை. தடுக்காதே, சொல் என்றார். பசை முணுமுணுத்துக்கொண்டே போய், நான்கு மணிக்குத் திரும்பி வந்தார். சிவப்புப் பெட்டி போய், திரையின் ஓரத்தில் சின்னதாக ஒரு வரி வந்திருந்தது: 'இந்தக் குரல் கோப்பு எங்கள் வெளியீடு அல்ல.'

அக்கா மறுபடி எலக்ட்ரீஷியனின் கோப்பை மாட்டினார். "எண்... பதினேழு... அறை... இரண்டு" என்று தடித்த, நிதானமான ஒரு குரல் அலுவலகம் முழுக்க எழுந்தது. பத்தொன்பது பேருக்கும் பழக்கமான கீச்சுக்குரல், திடீரென்று வீட்டுக்கு மூத்தவளாகிவிட்டது. முதலாளி கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார்.

வியாழக்கிழமை படிக்கட்டில் இரண்டு மெத்தை. குழுமத்தின் கொள்முதல் அதிகாரி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிய ஒல்லியான பெண்மணி, இரண்டையும் தாண்டி மூச்சு வாங்காமல் மேலே வந்தார். தாள்களை ஒவ்வொரு வரியாகப் படித்தார். முதலாளி பேனாக்களை அடுக்க ஆரம்பித்தார். உறுதிமொழித் தாளில் வந்து அதிகாரி நின்றார்.

"மாத்தி மாட்டிக்கலாம்னு ஒரு உரிமை போட்டிருக்கீங்க. இதை நிஜமா யாராவது பண்ணியிருக்காங்களா?"

முதலாளி அக்காவைப் பார்த்தார். அந்தப் பார்வையில், ஆமாம் என்று ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லும் வேண்டுதல் இருந்தது. அக்கா ஆமாம் என்று தொடங்கி, எலக்ட்ரீஷியனில் போய், நான்கு மாதமாக வெளியே போன பதிப்பில் அந்த உரிமை இல்லாமல் இருந்ததையும், தான் எண்ணாமல் கையெழுத்துப் போட்டதையும், நேற்று நான்கு மணிக்குச் சரியானதையும் சொல்லி முடித்தார். பழைய வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் திருத்திய பதிப்பு நாளை போகும் என்றார். லைப்ரரி எழுதியவர்களுக்கும் நடந்ததைச் சொல்லி ஒரு கடிதம் தயார் என்றார். முதலாளியிடம் நேராக்க இனி எதுவும் மிச்சமில்லை.

அதிகாரி கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார்.

"இதையும் அந்தத் தாள்ல எழுதித் தருவீங்களா?"

அக்கா உறுதிமொழியின் அடியில், தன் கையால், பொடி எழுத்தில் நான்கு வரி எழுதினார். என்ன தவறு, எத்தனை மாதம், எப்போது சரியானது. ஒரு தடவை படித்துப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். இந்தத் தடவை கை நின்று நிதானமாகப் போனது.

"போன மாசத்துல நாலு கம்பெனி இதே தாள்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க," என்றார் அதிகாரி, தன் பேனாவை எடுத்தபடி. "நாலு பேர்கிட்டயும் ஒரு தப்புகூட இல்லையாம். அதுலதான் எனக்குத் தூக்கமே வரல."

அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கீழே இறங்கும்போது முதலாளி தானே முன்னால் போய் மெத்தையைச் சுவரோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டார்.

லைப்ரரி எழுதிய நாற்பது பேரின் சார்பில் ஒருவரிடமிருந்து பதில் வந்தது. சரி செய்ததற்கு மகிழ்ச்சி, இப்படித் தாங்களாகவே வந்து சொன்னவர்களில் நீங்கள்தான் முதல் ஆள், அந்த எலக்ட்ரீஷியனின் இரண்டு எண்களை எங்களுக்கும் அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த பதிப்பில் 'மூத்தோர் குரல்' என்று அமைப்பிலேயே ஒரு பொத்தான் வந்தது. எண்பத்தாறாம் பக்கத்தில் அதற்கு நன்றி போட வேண்டும் என்று அக்கா எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பெயர் கேட்டார். தன் பெயர் வேண்டாம், ஒரு எலக்ட்ரீஷியன் என்று போட்டால் போதும் என்றார் அவர். போனை வைப்பதற்கு முன் குரலைத் தணித்து, ஆனால் கோப்பைக் கட்டிக் கொடுத்தவர் பெயரைத் தவறாமல் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் வீட்டுக்குள் நுழைய முடியாது என்றார்.

வெளியீட்டுப் படிவத்தில் இப்போது அக்காவே சேர்த்த ஒரு கட்டம் இருக்கிறது: 'வேறு கோப்பை மாட்டிப் பார்த்தேன்'. பசை அதை அச்சடித்துத் தன் மேஜையில் ஒட்டி வைத்திருக்கிறார், பிஸ்கட் டப்பாவுக்குப் பக்கத்தில்.

மூன்று வாரம் கழித்து, பழுப்பு அட்டைக்காரரிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. குரல் நன்றாக இருக்கிறது, நர்ஸ் விரல் காட்டுவதில்லை, நீங்கள் வந்த அன்று பதினேழாம் எண் சீட்டோடு இருந்த பெரியவர் இப்போது முதல் கூப்பாட்டிலேயே எழுந்துவிடுகிறார் என்று எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி: "நேரம் இருக்கும்போது நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் பார்க்கவும். ஏழாவது படம் தலைகீழாக இருக்கிறதோ என்று சந்தேகம்."

அக்கா நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்தார். புத்தகத்தைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தார். தலைகீழாகத்தான் இருந்தது. முதல் பதிப்பிலிருந்தே இருந்த படம் அது. பதினொரு வருடமாக அப்படியே தலைகீழாக இருந்திருக்கிறது. அவர் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு, அறை முழுக்கக் கேட்கும்படி சிரித்துக்கொண்டே, பசையின் மேஜைக்குப் போனார்.